ஈயம் பூஜ்ஜியமாக வந்த அறிக்கை: டைப் எழுதாமல் விட்ட ஓர் எலிமெண்ட்

ஒரு தண்ணீர் மாதிரியின் சோதனை அறிக்கையில் ஈயத்தின் அளவு 0 என்று இருந்தது. அறிக்கை வெளியே போன இரண்டாம் நாள் ஆய்வகத்திலிருந்து போன் வந்தது. "சார், அந்த மாதிரிக்கு ஈயம் நாங்க இன்னும் பார்க்கவே இல்லையே. கருவி சர்வீஸுக்குப் போயிருக்கு. உங்க ரிப்போர்ட்ல எப்படி நம்பர் வந்துச்சு?" என்று கேட்டார் அந்தச் சோதனையைச் செய்பவர். எனக்குப் பதில் தெரியவில்லை. "ஃபைலைப் பார்த்துட்டுக் கூப்பிடுறேன், மேடம்" என்று மட்டும் சொன்னேன்.

குடிநீரில் ஈயத்துக்கு உலகச் சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் தற்காலிக வழிகாட்டு அளவு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். அதற்குப் பக்கத்தில் 0 என்று ஒரு எண்ணைப் பார்ப்பவர், தண்ணீர் நன்றாக இருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்வார். அதனால் இதைச் சின்னப் பிழை என்று ஒதுக்க முடியவில்லை. சோதிக்காத ஒன்றைச் சோதித்து நல்லது என்று சொல்லியிருந்தோம்.

ஆய்வகங்கள் முடிவுகளை எக்ஸ்எம்எல் கோப்பாக எங்களுக்கு அனுப்பும்: ஒவ்வொரு தகவலும் எலிமெண்ட் எனப்படும் பெயரிட்ட டேக் ஜோடிக்குள் இருக்கும் எழுத்துக் கோப்பு அது. எங்கள் பக்கம் முதலில் ஸ்கீமா வைத்து, அதாவது கோப்பில் எது எங்கே எப்படி வரலாம் என்ற விதிகளை வைத்து, சரிபார்ப்பு நடக்கும். அதில் தேறிய கோப்பைத்தான் அடுத்த நிரல் தொடும். வந்த கோப்பில் அந்த இடம் இப்படி இருந்தது. மூலக் கோப்பில் பெயர்கள் ஆங்கிலத்தில் இருந்தன. இங்கே படிக்க வசதியாகத் தமிழில் மாற்றியிருக்கிறேன். எக்ஸ்எம்எல் தமிழ்ப் பெயர்களையும் தாராளமாக ஏற்கும்.

<முடிவு>
  <பொருள்>ஈயம்</பொருள்>
  <அளவு></அளவு>
  <அலகு>மி.கி/லி</அலகு>
</முடிவு>

அளவு காலி. எங்கள் நிரல் ஜாவாஸ்கிரிப்டில் எழுதியது. அதில் காலிச் சரத்தை எண்ணாக மாற்றச் சொன்னால் 0 கிடைக்கும். பூஜ்ஜியம் எங்கிருந்து வந்தது என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது. அந்த வரியைத் திருத்திவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அளவு என்பது டெசிமல், அதாவது தசம எண், என்று ஸ்கீமாவில் எழுதியிருந்தோம். டெசிமலுக்குக் காலி உள்ளடக்கம் செல்லாது. அந்தக் கோப்பு வாசலிலேயே திரும்பியிருக்க வேண்டும். அது எப்படி உள்ளே வந்தது என்பதுதான் உண்மையான கேள்வி.

வாசலில் ஆள் இருந்தாரா?

முதல் சந்தேகம், ஸ்கீமாவை வைத்துச் சரிபார்க்கும் வேலிடேட்டர் மேல். இது நடக்கக்கூடியதுதான். சரிபார்ப்புப் பிழைகளைப் பல பார்சர்கள் (எக்ஸ்எம்எல் கோப்பைப் படிக்கும் நிரல்கள்) மீளக்கூடிய பிழையாகத்தான் கருதும். பிழை வந்தால் என்ன செய்வது என்று எழுத வேண்டிய இடத்தை வெறுமையாக விட்டால், பிழையை விழுங்கிவிட்டு மேலே போய்க்கொண்டே இருக்கும். சில லைப்ரரிகளில் கோப்பின் நேம்ஸ்பேஸ் (பெயர்கள் எந்தத் தொகுப்பைச் சேர்ந்தவை என்று காட்டும் அடையாளம்) ஒரு எழுத்து மாறினாலே போதும்: அதற்குரிய ஸ்கீமா கிடைக்கவில்லை என்று ஒரு எச்சரிக்கையோடு நிறுத்திக்கொள்ளும், எச்சரிக்கைகளைக் கேட்டு வாங்காவிட்டால் அதுவும் வராது.

அதனால் ஒரு நல்ல கோப்பை எடுத்து, மாதிரிஎண் என்ற எலிமெண்டை மட்டும் நீக்கிவிட்டு ஓட்டினேன். உடனே மறுத்தது. சரி, வேலிடேட்டர் ஓடுகிறது, எங்கள் ஸ்கீமாவைத்தான் வைத்து ஓடுகிறது. அப்புறம் மாதிரிஎண்ணைத் திரும்ப வைத்துவிட்டு, அளவு என்ற இடத்தில் "நாளை வரும்" என்று எழுதினேன். ஏற்றுக்கொண்டது. அதற்குள்ளேயே மழை என்று இல்லாத ஒரு எலிமெண்டை வைத்தேன்.

<அளவு>நாளை <மழை/> வரும்</அளவு>

அதையும் ஏற்றுக்கொண்டது. எழுத்தையும் ஏற்கிறது, எங்குமே அறிவிக்காத எலிமெண்டையும் ஏற்கிறது. ஸ்கீமாவில் பழகியவர்களுக்கு இந்த இடத்தில் பொறி தட்டும். ஸ்கீமாவோடு வரும் டைப்புகளில் (உள்ளடக்கத்தின் வகைகளில்) இவ்வளவு தாராளமாக நடந்துகொள்வது ஒன்றுதான்: எதையும் ஏற்கும் எனிடைப்.

எலிமெண்ட் வேறு, டைப் வேறு

1998இல் எக்ஸ்எம்எல் 1.0 வந்தபோது கூடவே இருந்தது டிடிடி என்ற பழைய விதிமொழி. அதில் ஒரு எலிமெண்டுக்கு ஒரே அறிவிப்பு: பெயரும் உள்ளடக்கமும் ஒரே வரியில் சேர்ந்தே இருக்கும். உள்ளே காலியா, எதுவும் வரலாமா, எழுத்தா, எந்தெந்த எலிமெண்டுகள் எந்த வரிசையில் என்பதைச் சொல்லலாம். எண் என்றோ தேதி என்றோ சொல்ல வழி கிடையாது.

2001இல் இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி வெளியிட்ட எக்ஸ்எம்எல் ஸ்கீமா அதை இரண்டாகப் பிரித்தது. எலிமெண்ட் அறிவிப்பு என்பது பெயர். டைப் வரையறை என்பது உள்ளே என்ன இருக்கலாம் என்ற விதி. எழுத்து மட்டும் உள்ளதற்கு சிம்பிள் டைப். உள்ளே எலிமெண்டோ, மேலே ஆட்ரிபியூட்டோ (தொடக்க டேகுக்குள் எழுதும் பெயரும் மதிப்பும்) வந்தால் காம்ப்ளெக்ஸ் டைப். ஒரே டைப்பைப் பத்து எலிமெண்டுக்குக் கொடுக்கலாம். ஒரு டைப்பிலிருந்து இன்னொன்றை இறுக்கியோ நீட்டியோ செய்யலாம். இந்தப் பிரிவு எனக்கு மிகவும் பிடித்த வடிவமைப்பு. ஆனால் பெயரையும் விதியையும் பிரித்து வைத்தால், இரண்டையும் கட்டும் கயிறு ஒன்று வேண்டும். எலிமெண்ட் அறிவிப்பில் வரும் டைப் என்ற ஆட்ரிபியூட்தான் அந்தக் கயிறு. எங்கள் ஸ்கீமாவில் அந்தக் கயிறு அறுந்திருந்தது.

கோப்பின் மேல்பகுதியில் அளவுவகை என்ற டைப் அழகாக இருந்தது: டெசிமலை அடிப்படையாகக் கொண்டது, 0க்குக் குறையக் கூடாது, விளக்கக் குறிப்பும் உண்டு. நான் உட்பட மூன்று பேர் அன்று ஸ்கீமாவைத் திறந்து, அந்த வரையறையைப் படித்து, "சரியாத்தானே இருக்கு" என்று மூடியிருந்தோம். கீழே எலிமெண்ட் அறிவிப்பில் பெயர் அளவு என்று மட்டும் இருந்தது. டைப் இல்லை. அளவுவகையை அந்தக் கோப்பில் யாருமே பயன்படுத்தவில்லை.

பழைய பதிப்புகளைப் புரட்டியபோது வழி தெரிந்தது. முதலில் அளவு, முடிவு என்ற டைப்புக்குள்ளேயே லோக்கல் எலிமெண்டாக இருந்தது. டைப்பும் ஒழுங்காக எழுதியிருந்தது. பின்னர் ஒரு மறுசீரமைப்பில் எல்லா எலிமெண்டுகளையும் மேல்மட்டத்துக்குக் கொண்டுவந்து, உள்ளே ரெஃப் மூலம் சுட்டும்படி மாற்றினார்கள். ரெஃப் இருக்கும் இடத்தில் டைப் எழுத முடியாது. ஸ்கீமாவே செல்லாது என்று கருவி கத்தும். அதனால் அங்கே டைப்பை அழித்தார்கள். அழித்ததை மேல்மட்ட அறிவிப்பில் எழுத வேண்டும். மற்ற எலிமெண்டுகளுக்கு எழுதியிருந்தார்கள். இந்த ஒன்றுக்கு விட்டுப்போனது.

டைப் எழுதாமல், உள்ளேயும் வரையறுக்காமல், சப்ஸ்டிட்யூஷன் குழு (ஒன்றின் இடத்தில் இன்னொன்று வரலாம் என்ற தொகுப்பு) எதிலும் சேராமல் ஒரு எலிமெண்டை அறிவித்தால் அதற்கு எனிடைப் என்று பொருள். எழுத்து, எலிமெண்ட், ஆட்ரிபியூட், எதுவும் எந்த வரிசையிலும் வரலாம். இது விதிப்படி முழுக்கச் செல்லும் ஸ்கீமா. அதனால் வேலிடேட்டர் ஒரு எச்சரிக்கைகூடக் கொடுக்காது. பயன்படாமல் கிடக்கும் அளவுவகையைப் பற்றியும் அது கேட்க முடியாது: வேறொரு ஸ்கீமா இதை இறக்குமதி செய்து அந்த டைப்பைப் பயன்படுத்தலாம், அல்லது அனுப்புபவரே கோப்பில் இந்த டைப்பைக் குறிப்பிடலாம் என்பதால்.

இத்தனை நாள் ஏன் தெரியவில்லை என்றால், ஆய்வகங்கள் நல்ல எண்களையே அனுப்பிக்கொண்டிருந்தன. எங்கள் சோதனைக் கோப்புகளும் எல்லாமே நல்ல கோப்புகள். மறுசீரமைப்பு முடிந்ததும் அவற்றை ஓட்டி, எல்லாம் தேறிவிட்டன என்று மகிழ்ந்திருக்கிறோம். எதை வேண்டுமானாலும் ஏற்கும் ஸ்கீமாவில் நல்ல கோப்பு தேறாமல் வேறு என்ன செய்யும்? மறுசீரமைப்பைச் செய்தவரின் கவனக்குறைவு என்று இதை நான் எழுத மாட்டேன். மறுக்க வேண்டியதை மறுக்கிறதா என்று சோதிக்கும் ஒரு கோப்புகூட நாங்கள் யாரும் எழுதி வைக்கவில்லை. அப்படி ஒரே ஒரு கோப்பு இருந்திருந்தால் அன்றைக்கே மாட்டியிருக்கும்.

ஒரு சொல்லைச் சேர்த்ததும் கொட்டியவை

அறிவிப்பில் டைப்பை எழுதினோம். காலி அளவு உடனே மறுக்கப்பட்டது. அதோடு நிறுத்தாமல், சேமித்து வைத்திருந்த பழைய மூலக் கோப்புகளைத் திருத்திய ஸ்கீமாவில் ஓட்டினோம். எதை ஏற்றுக்கொண்டிருந்தோம் என்பது அப்போதுதான் தெரிந்தது.

காலிகள் இன்னும் இருந்தன. தசமப் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி போட்ட எண்கள் இருந்தன. "கண்டறியப்படவில்லை" என்று எழுத்திலேயே எழுதியவை இருந்தன. சில கருவிகள் 0.0012 என்பதை 1.2E-3 என்று அடுக்குக்குறி வடிவில் எழுதியிருந்தன. டெசிமல் அதை ஏற்காது. இன்னும் சிலவற்றில் எண்ணுக்கு முன்னால் "குறைவு" என்ற குறி இருந்தது: 0.001ஐவிடக் குறைவு, அதற்குக் கீழே இந்தக் கருவியால் அளக்க முடியாது என்று பொருள்.

இதில் காற்புள்ளி ஒன்றுதான் வெறும் எழுத்துப் பிழை. அடுக்குக்குறி எழுதும் பழக்கம். அதற்காக டைப்பை டபுள் (கணினி இரும வடிவில் வைக்கும் எண் வகை) என்று மாற்றலாம் என்று ஒரு யோசனை வந்தது. டபுள் அடுக்குக்குறியை ஏற்கும். ஆனால் முடிவிலி, எண்ணே அல்ல என்ற இரண்டு மதிப்புகளும் டபுளின் பகுதிதான். அதோடு இரும எண்ணாக மாறும்போது தசமம் லேசாக நழுவும். சோதனை முடிவுக்கு இது வேண்டாம் என்று டெசிமலிலேயே நின்றோம். விரித்து எழுதி அனுப்பும்படி ஆய்வகங்களைக் கேட்டோம்; அவர்களுக்கு அது ஒரு அமைப்பை மாற்றுகிற வேலைதான்.

மீதி மூன்றையும் பிழை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "இன்னும் பார்க்கவில்லை", "பார்த்தோம், தென்படவில்லை", "இந்த அளவுக்குக் கீழே" என்பவை ஆய்வகத்தின் உண்மையான நிலைகள். அவற்றைச் சொல்ல நாங்கள் இடமே கொடுக்கவில்லை. இடம் இல்லாததால் இருந்த ஒரே பெட்டிக்குள் திணித்து அனுப்பினார்கள். திருத்திய ஸ்கீமாவை அப்படியே அமல்படுத்தியிருந்தால், அடுத்த வாரமே யாரோ ஒருவர் காலிக்குப் பதில் 0 என்று தாமே எழுதி அனுப்பியிருப்பார். சரிபார்ப்பும் தேறியிருக்கும். அதாவது அதே தவறு, இன்னும் கண்டுபிடிக்க முடியாதபடி.

டைப்பைத் திரும்ப வரைந்தது

மூன்று வழிகள் எங்கள் முன் இருந்தன.

யூனியன் டைப்: டெசிமல் அல்லது குறிப்பிட்ட சில சொற்கள். எழுதச் சுலபம், எலிமெண்ட் பெயரும் மாறாது. ஆனால் வாங்கும் நிரல் ஒவ்வொரு முறையும் சரத்தைப் பிரித்துப் பார்த்து, இது எண்ணா சொல்லா என்று தானே முடிவு செய்ய வேண்டும். அந்த மாதிரி முடிவில்தான் ஏற்கெனவே வழுக்கி விழுந்திருந்தோம்.

நில்: எலிமெண்டை நில்லபிள் என்று அறிவித்துவிட்டால், கோப்பில் அதற்கான ஆட்ரிபியூட்டைப் போட்டுக் காலியாக அனுப்பலாம். காலி என்பதை வேண்டுமென்றே சொன்னதாகும், அது நல்லது. ஆனால் நில் என்பது "மதிப்பு இல்லை" என்று மட்டும் சொல்லும். பார்க்காததால் இல்லையா, தென்படாததால் இல்லையா என்று சொல்லாது.

சாய்ஸ்: ஒவ்வொரு நிலைக்கும் ஒரு எலிமெண்ட், அவற்றில் சரியாக ஒன்று. இதைத்தான் எடுத்தோம்.

<முடிவு>
  <பொருள்>ஈயம்</பொருள்>
  <வரம்புக்குக்கீழ் அலகு="மி.கி/லி">0.001</வரம்புக்குக்கீழ்>
</முடிவு>

<முடிவு>
  <பொருள்>ஈயம்</பொருள்>
  <நிலுவை காரணம்="கருவிப்பழுது"/>
</முடிவு>

அளவு வந்தால் வரம்பு வராது; இரண்டும் இல்லாவிட்டால் நிலுவை வந்தே ஆக வேண்டும். "தென்படவில்லை" என்பதும் வரம்புக்குக்கீழ் என்பதற்குள் போய்விட்டது. வரம்பு எவ்வளவு என்று சொல்லாமல் தென்படவில்லை என்பதற்கு மதிப்பில்லை என்று ஆய்வகத்தில் அந்த மேடம்தான் விளக்கினார். மூன்று எலிமெண்டையும் நிரல் தனித்தனிப் பாதையில்தான் கையாள முடியும். நிலுவையை எண்ணாக மாற்ற அதற்குள் எதுவுமே இல்லை.

அலகை ஆட்ரிபியூட்டாக மாற்றியது இதே காரணத்தால். முன்பு அது தனி எலிமெண்டாக அளவுக்குப் பக்கத்தில் இருந்தது. இப்போது எண்ணோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. உள்ளே எண், மேலே ஆட்ரிபியூட் என்பதால் அளவு இனி சிம்பிள் டைப்பாக இருக்க முடியாது: காம்ப்ளெக்ஸ் டைப், அதற்குள் சிம்பிள் கன்டென்ட், அளவுவகையை நீட்டி ஆட்ரிபியூட்டைச் சேர்த்தது. புதிதாகப் படிப்பவர்கள் பலர் தடுமாறும் இடம் இது. எண்ணுக்கான விதி அளவுவகையிலேயே இருக்கிறது, நீட்டிய டைப் அதன் மேல் ஒரு ஆட்ரிபியூட்டை மாட்டுகிறது, அவ்வளவுதான். இங்கே ஒரு எச்சரிக்கை: எலிமெண்டுக்கு ஒன்றும் எழுதாவிட்டால் அது கட்டாயம், சரியாக ஒரு முறை. ஆட்ரிபியூட்டுக்கு ஒன்றும் எழுதாவிட்டால் அது விருப்பம். ஒரே கோப்பில் இரண்டுக்கும் எதிரெதிர் இயல்புநிலை. அலகு கட்டாயம் என்பதை எழுதித்தான் ஆக வேண்டும்.

நிலுவையின் டைப்பில் உள்ளடக்கமே கிடையாது, ஆட்ரிபியூட் மட்டும். சோதனையில் ஒரு ஆய்வகத்தின் கோப்பு இதில் மறுக்கப்பட்டது. அவர்கள் மென்பொருள் கோப்பை அழகுபடுத்துகிறேன் என்று மூடும் டேகை அடுத்த வரிக்குத் தள்ளியிருந்தது. உள்ளே எலிமெண்டுகள் இருக்கும் டைப்பில் இடைவெளியும் வரிமாற்றமும் பரவாயில்லை. காலி டைப்பில் ஒரு வரிமாற்றம்கூட உள்ளடக்கம்தான்.

மறுக்க வேண்டிய கோப்புகள்

இந்த ஆய்வில் எங்களுக்கு மிஞ்சிய உருப்படியான பொருள் ஒரு கோப்புறை. அதிலுள்ள ஒவ்வொரு கோப்பும் நல்ல கோப்பின் நகல், ஒரே ஒரு இடத்தில் மட்டும் கெடுத்தது. ஸ்கீமா மாறும்போதெல்லாம் இவை ஓடும். ஒவ்வொன்றும் மறுக்கப்பட வேண்டும், கெடுத்த இடத்தின் பெயர் பிழைச் செய்தியில் வர வேண்டும். மறுத்தால் மட்டும் போதாது என்பதை அனுபவத்தில் கற்றோம்: முதலில் எழுதிய சில கோப்புகளில் நேம்ஸ்பேஸே தவறாக இருந்தது, அதனால் மறுக்கப்பட்டதை எங்கள் விதி வேலை செய்கிறது என்று எடுத்துக்கொண்டிருந்தோம்.

கோப்புறையை நிரப்பத் தொடங்கியதும், மறுக்க வேண்டியவை வரிசையாகத் தேறின. எனிடைப் ஒன்றுதான் ஓட்டை என்று நினைத்தது தவறு.

மாதிரிஎண்ணைப் பாருங்கள். இரண்டு எழுத்தும் ஆறு இலக்கமும் என்று பேட்டர்ன் எழுதியிருந்தோம், இலக்கத்துக்குப் பின்சாய்வுக்கோடும் டி என்ற எழுத்தும் சேர்ந்த வழக்கமான குறி. எக்ஸ்எம்எல் ஸ்கீமாவில் அந்தக் குறி யூனிகோடின் எல்லாத் தசம இலக்கங்களையும் குறிக்கும். ஆறு இடத்திலும் தமிழ் இலக்கங்களைப் போட்டு, ௧௨௩௪௫௬ என்று அனுப்பினோம். தேறியது! தமிழ் எண்கள் எனக்குப் பிடித்தவைதான், ஆனால் தரவுத்தளத்தில் அந்த மாதிரியை யாரும் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. 0 முதல் 9 வரை என்று அடைப்புக்குள் வெளிப்படையாக எழுதி மாற்றினோம். இதே பேட்டர்னில் தொடக்கக் குறியும் முடிவுக் குறியும் போடத் தேவையில்லை, முழு மதிப்பும் பொருந்தியாக வேண்டும் என்பது விதியிலேயே இருக்கிறது. மற்ற நிரல்மொழிகளின் பழக்கத்தில் அவற்றைப் போட்டால் அவை வெறும் எழுத்துகளாகி எல்லாக் கோப்பும் மறுக்கப்படும். அந்தத் தவறு பரவாயில்லை, முதல் கோப்பிலேயே தெரிந்துவிடும்.

அனுப்பியவர் பெயர் கட்டாயம் என்றிருந்தது, டைப் ஸ்ட்ரிங். காலியாக அனுப்பினால் தேறியது. காலிச் சரமும் ஸ்ட்ரிங்தான். எலிமெண்ட் இருக்கிறதா என்பதும் அதற்குள் ஏதாவது இருக்கிறதா என்பதும் இரண்டு கேள்விகள். குறைந்த நீளம் 1 என்று போட்டோம், அப்போதும் நான்கு இடைவெளிகளை அனுப்பினால் தேறியது. ஸ்ட்ரிங்கை விட்டு டோக்கனை அடிப்படையாக வைத்ததும்தான் நின்றது: டோக்கன் முன்பின் இடைவெளிகளைச் சுருக்கிவிட்டுத்தான் நீளத்தைப் பார்க்கும்.

ஒரே கோப்பில் ஒரே மாதிரிஎண் இரண்டு முறை வரக் கூடாது என்று யுனீக் விதி எழுதியிருந்தோம். இரட்டை எண்ணோடு ஒரு கோப்பை அனுப்பினோம். தேறியது. எந்த எலிமெண்டுகளை ஒப்பிட வேண்டும் என்று சுட்டும் எக்ஸ்பாத் வரியில் எலிமெண்ட் பெயருக்கு முன்னால் நேம்ஸ்பேஸ் முன்னொட்டு இல்லை. ஸ்கீமா 1.0இல் அந்த வரிக்கு இயல்புநிலை நேம்ஸ்பேஸ் பொருந்தாது. முன்னொட்டு இல்லாத பெயர் நேம்ஸ்பேஸே இல்லாத எலிமெண்டைத் தேடும். எங்கள் கோப்பில் அப்படி ஒன்றும் இல்லை. எதையும் தேர்ந்தெடுக்காத விதியை யாரும் மீற முடியாது, அதனால் அது எப்போதும் தேறிக்கொண்டே இருந்தது.

அலகுகளுக்கு அனுமதித்த பட்டியல் இருந்தது. மில்லிகிராமுக்கும் மைக்ரோகிராமுக்கும் ஆயிரம் மடங்கு வித்தியாசம், ஆகவே இங்கே தாராளம் கூடாது. இதில் சிக்கல் வேறு திசையில் வந்தது: நல்ல கோப்பு ஒன்று மறுக்கப்பட்டது. மைக்ரோ குறிக்கு யூனிகோடில் ஓர் இடம் இருக்கிறது, பார்க்க அதேபோல இருக்கும் கிரேக்க எழுத்து மியூவுக்கு வேறோர் இடம். பட்டியல் குறிமுறை எண்களைத்தான் ஒப்பிடும், கண்ணுக்குத் தெரியும் வடிவத்தை அல்ல. தமிழிலும் இதே பொறி உண்டு. "கொள்கலன்" என்பதில் கொ என்ற எழுத்தின் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் வைக்கலாம், எகரக் குறியும் துணைக்காலும் என்று இரண்டாகவும் வைக்கலாம். திரையில் ஒன்றாகத் தெரியும், பார்சருக்கு இரண்டு வேறு பெயர்கள். தமிழில் எலிமெண்ட் பெயர் வைப்பவர்கள் ஒரே வடிவத்துக்கு மாற்றிவிட்டுத்தான் கோப்பை எழுத வேண்டும். அது யாருடைய வேலை என்று முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, அளவு என்ற ஒற்றை எலிமெண்டை மட்டும் ரூட்டாக, அதாவது கோப்பின் வெளி எலிமெண்டாக, வைத்து ஒரு கோப்பை அனுப்பினோம். தேறியது. மேல்மட்டத்தில் அறிவித்த எந்த எலிமெண்டும் ரூட்டாக இருக்கலாம் என்பது ஸ்கீமாவின் விதி. மறுசீரமைப்பில் எல்லாவற்றையும் மேல்மட்டத்துக்குக் கொண்டுவந்ததன் இன்னொரு விளைவு இது. நாங்கள் அதைத் திருப்பினோம்: டைப்புகள் எல்லாம் பெயரோடு மேல்மட்டத்தில், எலிமெண்டுகளில் ரூட் ஒன்று மட்டும் மேல்மட்டத்தில், மற்றவை உள்ளே. வெனிஷியன் பிளைண்ட் என்று இந்த அமைப்புக்குப் பெயர். டைப்பைத் திரும்பப் பயன்படுத்தலாம், எலிமெண்ட் அதன் இடத்தை விட்டு வெளியே வராது. பெரும்பாலான செய்திப் பரிமாற்ற ஸ்கீமாக்களுக்கு இதுவே போதும் என்று நினைக்கிறேன். எலிமெண்டுகளை உள்ளே தள்ளும்போது எலிமெண்ட்ஃபார்ம்டிஃபால்ட் என்பதைக் குவாலிஃபைட் என்று எழுத மறந்தால், உள்ளே இருப்பவை நேம்ஸ்பேஸ் இல்லாதவையாகக் கருதப்பட்டு நல்ல கோப்புகள் எல்லாம் மறுக்கப்படும். நாங்களும் மறந்தோம். ஒரு நிமிடத்தில் தெரிந்தது.

புதிய ஸ்கீமாவை உடனே அமல்படுத்தவில்லை. சில காலம் பழையதோடு சேர்த்து ஓட்டி, எதை மறுத்திருக்கும் என்று பதிவு மட்டும் செய்தோம். அதைப் பார்த்து ஒவ்வோர் ஆய்வகமும் தங்கள் பக்கத்தைத் திருத்திக்கொண்டது. சோதித்த தேதி மாதிரி எடுத்த தேதிக்கு முன்னால் இருக்கக் கூடாது என்பது போன்ற, இரண்டு மதிப்புகளை ஒப்பிடும் விதியை ஸ்கீமா 1.0இல் எழுத முடியாது. 2012இல் வந்த 1.1இல் அதற்கு அசெர்ட் என்ற வசதி இருக்கிறது, ஆனால் எங்கள் ஆய்வகங்களின் கருவிகள் எல்லாம் அதை ஆதரிக்கவில்லை. ஆகவே அவற்றை ஸ்கீமட்ரான் என்ற இன்னொரு விதிமொழியில் தனியாக எழுதினோம்.

சேமித்த பூஜ்ஜியங்கள்

திருத்தம் ஒருபுறம் இருக்கட்டும், ஏற்கெனவே உள்ளே போன பூஜ்ஜியங்களை என்ன செய்வது? மூலக் கோப்புகளை அழிக்காமல் வைத்திருந்தது எங்கள் நல்ல காலம். தரவுத்தளத்தில் 0 என்று இருந்த ஒவ்வொரு முடிவுக்கும் மூலக் கோப்பைத் திறந்து, அங்கே காலியா, உண்மையாகவே 0 என்று எழுதியிருந்ததா என்று பிரித்தோம். காலிகளை நிலுவை என்று மாற்றி, போன அறிக்கைகளைத் திரும்பப் பெற்று, விளக்கத்தோடு புதியவற்றை அனுப்பினோம்.

அப்புறம் உண்மையாகவே 0 என்று எழுதியிருந்தவற்றை எடுத்துக்கொண்டு ஆய்வகத்துக்குப் போன் செய்தேன். "மேடம், இதெல்லாம் நிஜமாவே 0 தானே?" அவர் யோசிக்காமல் பதில் சொன்னார்: "ஈயத்துக்கு எந்தக் கருவியும் 0ன்னு அளக்காது சார். வரம்புக்குக் கீழேன்னுதான் சொல்ல முடியும். 0ன்னு இருந்தா யாரோ கையால போட்டது." ஆனால் நுண்ணுயிர் எண்ணிக்கையில் 0 வரும், அது சரியான முடிவு என்றும் சொன்னார்.

அளவுவகையில் 0க்குக் குறையக் கூடாது என்று மின்இன்க்ளூசிவ் எழுதியிருந்தோம். அதை 0ஐவிட அதிகமாக இருக்க வேண்டும் என்று மின்எக்ஸ்க்ளூசிவாக மாற்றினோம். நுண்ணுயிருக்கு எண்ணிக்கை என்ற தனி எலிமெண்டை அதே சாய்ஸுக்குள் சேர்த்து, 0இல் தொடங்கும் முழு எண் டைப்பைக் கொடுத்தோம். மறுக்க வேண்டிய கோப்புறையில் ஈயம் 0 என்று ஒரு கோப்பும், ஏற்க வேண்டிய கோப்புறையில் எண்ணிக்கை 0 என்று ஒரு கோப்பும் சேர்ந்தன.